ஒத்தெல்லோ அன்பினால் கொன்றானா? ஒத்திகையில் எழுந்த ஒரு கேள்வி

எழுதியவர்: பாளைமேடை

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒன்பது பேர் கொண்ட சிறு நாடகக் குழு ஒன்றை நடத்தி வருகிறோம். எங்களில் எவரும் முழுநேர நடிகர் அல்லர். அவரவர் வேலையை முடித்துவிட்டு, இரவு எட்டு மணிக்கு மேல் நண்பர் ஒருவரின் வீட்டு மொட்டை மாடியில் கூடி ஒத்திகை பார்ப்பது வழக்கம். இந்த முறை ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகத்தின் கடைசி அங்கத்தை மட்டும் நாங்களே தமிழில் எழுதி எடுத்திருக்கிறோம்.

நாடகத்தை அறியாதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெனிஸ் நகரத்தின் படைத்தலைவனான ஒத்தெல்லோ மூர் இனத்தவன், கறுத்த நிறத்தவன். அவன் பட்ட துன்பங்களை அவன் வாயாலேயே கேட்டுக் கேட்டுக் காதல் கொண்ட டெஸ்டிமோனா, தந்தையை மீறி அவனை மணந்துகொள்கிறாள். அவனுக்குக் கீழே பணிபுரியும் இயாகோ, அவளுக்கும் காசியோ என்ற இளைஞனுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லிச் சொல்லி அவன் மனத்தைக் கெடுக்கிறான். கைக்குச் சிக்கும் சான்று ஒரு கைக்குட்டை மட்டுமே. ஒத்தெல்லோ மனைவிக்கு முதற்பரிசாகக் கொடுத்த, ஸ்ட்ராபெரிப் பழங்கள் பூவேலையாகத் தைக்கப்பட்ட அந்தக் கைக்குட்டையை இயாகோவின் மனைவி எமிலியா கண்டெடுத்துக் கணவனிடம் கொடுக்க, அவன் அதைக் காசியோவின் அறையில் போட்டுவிடுகிறான். கடைசி அங்கத்தில் ஒத்தெல்லோ விளக்கோடு படுக்கையறைக்குள் வந்து, உறங்குகிறவளை முத்தமிட்டு, பிறகு மூச்சை அடைத்துக் கொல்கிறான். உண்மை தெரிந்ததும் தன்னைத்தானே குத்திக்கொண்டு, அவளை மறுபடியும் முத்தமிட்டபடியே சாகிறான்.

போன வாரம் அந்தக் காட்சியை முதன்முறையாக முழுவதும் நடித்துப் பார்த்தோம். கயிற்றுக் கட்டில் ஒன்றும் அந்த வீட்டுத் தலையணை ஒன்றும்தான் எங்கள் பொருட்கள். ஒத்தெல்லோவாக நடிப்பவர் மிக நல்ல நடிகர். "அறிவோடு நேசிக்கத் தெரியாமல் அளவுக்கு மீறி நேசித்தவன் என்று என்னைப் பற்றி எழுதுங்கள்" என்று அவர் சொல்லி முடித்தபோது, பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் அனைவரும் கண்களைத் துடைத்துக்கொண்டோம். அப்போது, அதுவரை பிணமாகக் கட்டிலில் கிடந்த டெஸ்டிமோனா எழுந்து உட்கார்ந்தார். அவர் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணிபுரிகிறவர். "எல்லாரும் அவனுக்காக அழுகிறீர்கள். அவ்வளவு அன்பு வைத்திருந்ததால்தான் கொன்றான் என்று நினைத்துக்கொண்டு பார்வையாளர்கள் வீட்டுக்குப் போவார்களானால், நான் எதற்காக இந்தக் கட்டிலில் செத்துக் கிடக்கிறேன்?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. ஒத்திகையை அத்துடன் நிறுத்திவிட்டோம்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னை விடவில்லை. துன்பியல் நாடகங்களில் தீவிரமான காதலும் கொலையும் ஏன் இப்படி ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன? காதலுக்குள்ளேயே வன்முறை இருக்கிறதா, அல்லது வேறொன்று காதலின் உடையை உடுத்திக்கொண்டு வருகிறதா? ஒத்தெல்லோவின் கடைசிப் பேச்சை வெட்டிவிடலாம் என்று குழுவில் சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. படித்தவர்களும் நாடகம் பார்த்துப் பழகியவர்களும் வழி சொல்ல வேண்டுகிறேன்.

எழுதியவர்: அம்பை ஆசிரியர்

தம்பி, உங்கள் டெஸ்டிமோனாவுக்கு முதலில் என் வணக்கத்தைச் சொல்லிவிடுங்கள். நான் 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். அந்த நாடகத்தைக் கல்லூரிக் காலத்தில் படித்தபோது எனக்கு இந்தக் கேள்வி எழவில்லை.

நான் வகுப்பில் எத்தனையோ முறை நடத்திய ஒரு குறள், உங்கள் பதிவைப் படித்ததும் வேறு முகம் காட்டி நின்றது. "தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்." ஒருவனை ஆராயாமலே நம்புவதும், ஆராய்ந்து நம்பிய ஒருவரிடம் பிறகு ஐயம் கொள்வதும் தீராத துன்பத்தைத் தரும் என்பது பொருள். தெரிந்து தெளிதல் என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள் அது. பொருட்பாலில், அரசன் ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் வருவதால் அதைக் காதலோடு சேர்த்து நான் நினைத்ததே இல்லை. ஆனால் ஒத்தெல்லோ செய்தது இந்த இரண்டையும்தான். இயாகோவை ஆராயாமல் நம்பினான். தன்னை நம்பித் தந்தையின் வீட்டைவிட்டு வந்தவளிடம் ஐயம் கொண்டான். காசியோவை நேரில் அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தக் கைக்குட்டையின் கதை ஒரு நாழிகையில் வெளிச்சத்துக்கு வந்திருக்கும்.

ஆகவே, காதல் கொலையாக மாறும் இடம் எது என்று என்னைக் கேட்டால், காதலிக்கிறவன் காதலன் என்ற நிலையை விட்டு நீதிபதியாக உட்காரும் இடம் அது என்பேன். ஒத்தெல்லோ கொல்லப் போகும்போது ஆத்திரத்தில் போகவில்லை. நீதியை நிறைவேற்றப் போவதாகவே தனக்குள் சொல்லிக்கொள்கிறான். தான் செய்ய வந்தது பலி, அதைக் கொலை என்று சொல்லும்படி நீ செய்கிறாயே என்று அவளையே கடிந்துகொள்கிறான். நீதிபதியாக உட்கார்ந்தவன் நீதிபதியின் முதற்கடமையான விசாரணையை மட்டும் செய்யவில்லை.

இதை நம்மவர் அறியாதவர்கள் அல்லர். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் நெடுஞ்செழியன் கோவலனைக் கொல்லச் சொன்ன நேரம் எது என்று நினைத்துப் பாருங்கள். ஆடல் மகளிரின் ஆட்டத்திலும் பாட்டிலும் அரசன் மனம் பறிகொடுத்தான் என்று ஊடிய கோப்பெருந்தேவி, தலைவலி என்று சொல்லி அவையிலிருந்து எழுந்து போய்விடுகிறாள். அவளுடைய ஊடலைத் தணிப்பதற்காக அரசன் அந்தப்புரத்தை நோக்கி விரைந்துகொண்டிருக்கிறான். அந்த வாசலில்தான் பொற்கொல்லன் எதிர்ப்பட்டு, சிலம்பு திருடிய கள்வன் அகப்பட்டான் என்று சொல்கிறான். அரசனுக்கு நிற்க நேரமில்லை. சிலம்பு அவன் கையில் இருக்குமானால் கொன்று, அதை இங்கே கொண்டுவாருங்கள் என்று காவலரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். ஒரு பெண்ணின் ஊடலைத் தீர்க்கும் அவசரத்தில் இன்னொரு பெண்ணின் கணவன் வெட்டுண்டான். கண்ணகி அவைக்கு வந்து அரசனை முதலில் விளித்த சொல் "தேரா மன்னா" என்பது. கொடியவனே என்றோ கொலைகாரனே என்றோ அவள் சொல்லவில்லை. ஆராயாதவனே என்று சொன்னாள். அவள் சாட்டிய குற்றம் அதுவே.

மணிமேகலையில் இதைவிட நெருக்கமான ஓர் இடம் உண்டு. காயசண்டிகை என்பவளின் வடிவத்தை எடுத்துக்கொண்டு மணிமேகலை உதயகுமரனிடம் பேசிக்கொண்டிருக்கிறாள். பன்னிரண்டு ஆண்டுகள் பிரிந்திருந்த மனைவி காயசண்டிகையைத் தேடிவந்த காஞ்சனன் இதைக் காண்கிறான். மணிமேகலை அப்போது அரச குமாரனான உதயகுமரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? நரைத்த ஒரு மூதாட்டியைக் காட்டி, இளமையும் அழகும் இப்படித்தான் ஆகும், இதற்காகவா ஏங்குகிறாய் என்று உடம்பின் நிலையாமையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காஞ்சனன் காதுக்கு அந்தச் சொற்கள் எட்டவில்லை. கண்ணுக்குத் தெரிந்தது தன் மனைவி வேறொருவனோடு நிற்கிற காட்சி மட்டுமே. அன்றிரவு ஒளிந்திருந்து உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். அதன் பிறகு தூணில் உள்ள தெய்வப் பாவையான கந்திற்பாவை பேசி, உன் மனைவி எப்போதோ இறந்துவிட்டாள் என்ற உண்மையைச் சொல்கிறது. ஒத்தெல்லோவின் கைக்குட்டை இங்கே ஒரு முழு உருவமாகவே நிற்கிறது. இரண்டிலும் கண் பார்த்தது, காது கேட்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியர் பெருந்திணையின், அதாவது பொருந்தாக் காதலின், இலக்கணம் சொல்லும்போது, "தேறுதல் ஒழிந்த காமத்து மிகுதிறம்" என்றும், அதற்கு அடுத்தபடியாக "மிக்க காமத்து மிடல்" என்றும் சொல்கிறார். தெளிவு நீங்கிய காமம் முதலில்; வலிமை காட்டும் காமம் பிறகு. மிடல் என்ற சொல்லை உரைகாரர்கள் வெவ்வேறாக விரிப்பார்கள் என்றாலும், இந்த வரிசை எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. இவை இரண்டையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே வைத்தார் என்பதை உங்கள் செவிலியர் தங்கைக்குச் சொல்லுங்கள்.

எழுதியவர்: வள்ளியூராள்

அண்ணாச்சி, ஆசிரியர் ஐயா சொன்னதை இரண்டு முறை படித்தேன். நான் ஏட்டிலிருந்து சொல்லக்கூடியவள் அல்லள்; வில்லுப்பாட்டிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் இசக்கியம்மன் கொடையில் இரவு முழுவதும் வில் நடக்கும். ஏழு எட்டு வயதில் ஆச்சியின் மடியில் படுத்துக்கொண்டு நான் கேட்ட கதை இது.

கோயில் பூசை செய்யும் ஒருவன் தாசி வீட்டுப் பெண் ஒருத்தியிடம் மயங்கிக் கைப்பொருள் அனைத்தையும் இழக்கிறான். பொருள் தீர்ந்ததும் அவளுடைய தாய் அவனை வெளியே அனுப்பிவிடுகிறாள். அந்தப் பெண்ணோ உண்மையாகவே அவன்மேல் அன்பு வைத்தவள். நகைகளை அணிந்தபடியே அவன் பின்னால் காட்டு வழியில் நடக்கிறாள். களைத்துப்போய், கள்ளிச்செடியின் நிழலில் அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். அவன் மெல்ல அவள் தலையை எடுத்து மணலைக் குவித்து அதன்மேல் வைத்துவிட்டு, ஒரு கல்லைத் தூக்கி அவள் தலையில் போட்டு, நகைகளைக் கழற்றிக்கொள்கிறான். சாகும்போது அவள், "கள்ளியே, நீதான் எனக்குச் சாட்சி" என்கிறாள். நகை மூட்டையோடு போனவன் தண்ணீருக்காகக் கிணற்றடிக்குப் போனபோது பாம்பு கடித்துச் சாகிறான்.

இந்த இடத்தில் வில் எப்படி நடக்கும் என்பதைக் கேட்டவர்கள் அறிவார்கள். அதுவரை விரைந்து போய்க்கொண்டிருந்த பாட்டு தணியும். வீசுகோல் வில்லின் நாணில் மெதுவாக விழும். மணிகள் அடங்கி ஒலிக்கும். மணலைக் குவிப்பதை மட்டும் அண்ணாவி நீட்டி நீட்டிப் பாடுவார். ஒரு கை மணல், இன்னொரு கை மணல். அவள் விழித்துவிடக் கூடாதே என்று அவன் பதறுவதை, தாய் பிள்ளையை இறக்கிப் படுக்க வைக்கும் பதற்றத்தைப் போலவே பாடுவார்கள். எனக்கு அந்த வயதில் கல்லைவிட மணல்தான் அதிக பயத்தைத் தந்தது. பிறகு கல் விழும். குடமும் உடுக்கையும் ஒரே நேரத்தில் அதிரும். முன்னால் நிற்கும் பெண்களில் யாருக்காவது அருள் வந்துவிடும்.

அண்ணாச்சி, உங்கள் ஒத்தெல்லோ கொல்வதற்கு முன் முத்தமிடுகிறான் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு அந்த மணல் நினைவுக்கு வந்தது. கையின் மென்மையை அன்பு என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதைத்தான் அந்தப் பாட்டு எனக்குச் சொல்லித் தந்தது என்று இப்போது தோன்றுகிறது. கொல்கிறவன் கையும் மென்மையாக இருக்கும், கொன்று முடிக்கும்வரை.

உங்கள் நாடகத்துக்கும் எங்கள் கதைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. அங்கே கடைசிப் பேச்சு கொன்றவனுக்கு. இங்கே கொன்றவனின் கதை பாம்போடு முடிந்துவிடுகிறது. அவன் அழுதானா என்று எவரும் கேட்பதில்லை. கதை அதன்பிறகும் நெடுந்தூரம் போகிறது. அவள் நீலியாக வருகிறாள். அடுத்த பிறவியில் வணிகனாக வந்தவனைப் பின்தொடர்ந்து, கள்ளிக்கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இவன் என் கணவன் என்று பழையனூரில் வழக்குப் பேசுகிறாள். இன்று எங்கள் ஊரில் படையல் அவளுக்குத்தான். அவனுக்கு ஒரு கல்கூட நட்டவர் இல்லை.

ஆனால் இதை வெற்றிக் கதையாக நான் சொல்ல மாட்டேன். வணிகனை அவள் கொன்றதும், அவன் உயிருக்குப் பிணை நின்ற பழையனூர் வேளாளர் எழுபது பேரும் தீப்பாய்ந்து இறக்கிறார்கள். அவர்கள் ஒரு குற்றமும் செய்யாதவர்கள். அந்த எழுபது பேர் சாகும் இடத்தில் ஆச்சி கதையைக் கேட்க மாட்டாள். எழுந்து பொங்கல் பானையைப் பார்க்கப் போய்விடுவாள். ஒருத்தியின் தலையில் விழுந்த கல் எத்தனை வீட்டு வாசலில் போய் விழுந்தது என்பதையும் அந்தப் பாட்டு மறைக்கவில்லை.

இன்னொரு கதையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. காரையாறு சொரிமுத்தையன் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்கள், அங்கே பட்டவராயன் சன்னிதியில் தோல் செருப்புகளைக் காணிக்கையாகப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பார்கள். அவர் முத்துப்பட்டன். பிராமணராகப் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்தில் வளர்ந்த பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகள்மேல் காதல் கொண்டு, அவர்களுக்காகப் பூணூலை விட்டுச் செருப்புத் தைக்கக் கற்றவர். மாடு பிடிக்க வந்த கள்வரோடு போரிட்டு இறந்தார். பெண்கள் இருவரும் தீயில் இறங்கினார்கள். அந்தக் காதலில் ஒருவரை ஒருவர் கொல்லவில்லை. ஆனாலும் பாடுகிறவர்கள் அந்தப் பெண்களைப் பிராமணருக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள் என்று மாற்றிவிட்டார்கள். அது பிறகு சேர்த்த கதை என்று நம் நாங்குநேரியைச் சேர்ந்த பேராசிரியர் நா. வானமாமலை எழுதியிருக்கிறார். உள்ளபடியே பாடினால் கேட்கிறவர்களால் தாங்க முடியவில்லை போலும். காதலுக்குள் வன்முறை இருக்கிறதா என்று கேட்டீர்கள். காதலைச் சுற்றி நிற்கிறவர்களின் கையில் இருப்பதையும் பார்க்க வேண்டும் அண்ணாச்சி. நாளிதழில் "காதல் தகராறில் கொலை" என்று அச்சிடுகிறார்கள். யார் கொன்றது, காதலித்தவனா, அண்ணனா, தகப்பனா என்று உள்ளே படித்தால்தான் தெரிகிறது. தலைப்பில் காதல் மட்டும் குற்றவாளியாக நிற்கிறது.

எழுதியவர்: தேரிக்காடு

பெருந்திணையை ஆசிரியர் ஐயா தொட்டதால் அதன் முதல் உறுப்பான மடலைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். நான் உடன்குடிப் பக்கத்துக்காரன். பனைக்கு நடுவில் வளர்ந்தவன். பனை மட்டையின் இரண்டு ஓரத்திலும் கருக்கு இருக்கும். அரத்தின் பல்லைப் போலக் கறுத்து, வளைந்து, உள்ளங்கையில் ஒரு முறை உரசினால் தோலைச் சீவிக்கொண்டு போய்விடும். சிறு வயதில் மட்டையை வண்டியாக்கி இழுத்து விளையாடி, தொடையில் பட்ட தழும்பு எனக்கு இன்னும் இருக்கிறது. சங்கப் பாட்டில் காதல் நிறைவேறாத ஆண் ஏறுவதாகச் சொல்வது இந்த மட்டையில் செய்த குதிரையை. "மாவென மடலும் ஊர்ப, பூவெனக் குவிமுகிழ் எருக்கங் கண்ணியும் சூடுப" என்று குறுந்தொகையில் பேரெயின் முறுவலார் பாடியிருக்கிறார். எருக்கம்பூ மாலையோடு, கருக்கு கிழிக்க, ஊர் நடுவே அவன் வருவான்.

அதைத் தியாகம் என்று எனக்குப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். தழும்பு உள்ளவன் என்ற முறையில் சொல்கிறேன், அது மிரட்டல். இரத்தம் அவனுடையது, பழி அந்தப் பெண்ணின் வாசலில் விழுகிறது. தன்னைத் துன்புறுத்திக்கொள்வதும் பிறர்மேல் செலுத்தும் வன்முறையாக முடியும் என்பதற்கு கிரேக்க நாடகாசிரியர் யூரிப்பிடீஸின் ஹிப்போலிட்டஸ் நாடகத்தைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. கி.மு. 428இல் ஏதென்ஸில் முதற்பரிசு பெற்ற நாடகம் அது. மாற்றாந்தாயான ஃபீட்ரா, தன் காதலை ஏற்காத ஹிப்போலிட்டஸ்மேல் பொய்ப்பழி எழுதி வைத்துவிட்டுத் தூக்கிட்டு இறக்கிறாள். கணவன் தீசியஸ் அந்த ஓலையை நம்பி மகனைச் சபிக்கிறான். சத்தியத்தையும் நிமித்திகர் சொல்லையும் பாராமல், விசாரிக்காமலே என்னைத் துரத்துகிறாயா என்று மகன் கேட்கிறான். "தேரா மன்னா" என்பதைக் கிரேக்கத்திலும் ஒருவன் சொல்லியிருக்கிறான்.

எழுதியவர்: குற்றாலச்சாரல்

எல்லாரும் எழுதியதை மதித்தே மறுத்துச் சொல்கிறேன். முதலில் ஒரு திருத்தம். ஒத்தெல்லோ விசாரிக்கவே இல்லை என்பது சரியன்று. நான்காம் அங்கத்தில் எமிலியாவை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறான். டெஸ்டிமோனா தூயவள், அதற்கு என் ஆன்மாவையே பணயம் வைப்பேன் என்கிறாள் அவள். அவன் கேட்கிறான், ஆனால் எமிலியாவும் சூதுக்காரி என்று தள்ளிவிடுகிறான். காசியோவை அவன் அழைத்திருந்தாலும் இதுவேதான் நடந்திருக்கும். ஆகவே ஆராயாமை என்ற ஒன்றினால் அவனுடைய கொலையை விளக்கிவிட முடியாது.

இரண்டாவது, மெடேயா. கி.மு. 431இல் யூரிப்பிடீஸ் மேடையேற்றி, போட்டியில் மூன்றாம் இடம்தான் பெற்ற நாடகம். யேசோனுக்காகத் தன் நாட்டையும் தந்தையையும் விட்டு வந்தவள், அவன் வேறொரு மணம் செய்துகொண்டதும் பெற்ற பிள்ளைகள் இருவரையும் தன் கையாலேயே கொல்கிறாள். அவளை எந்த இயாகோவும் ஏமாற்றவில்லை. எந்தக் கைக்குட்டையும் இல்லை. தான் செய்யப்போகும் தீமை எத்தகையது என்று எனக்குத் தெரியும், ஆனால் என் சினம் என் எண்ணத்தைவிட வலியது என்று அவளே சொல்கிறாள். தேர்ந்து, தெளிந்து, பிறகு கொல்கிறாள். ஐயாவின் குறளுக்குள் இவள் அடங்கமாட்டாள்.

காதலுக்குள் வன்முறை இல்லை, சந்தேகத்திலும் உடைமை எண்ணத்திலும் சாதியிலும்தான் இருக்கிறது என்று சொல்லிக் காதலைக் கழுவித் தூய்மையாக எடுத்து வைத்துவிட்டால் நமக்கு நிம்மதியாக இருக்கும். துன்பியல் நாடகம் அந்த நிம்மதியைத் தருவதற்காக எழுதப்படவில்லை. "தொடிற்சுடின் அல்லது காமநோய் போல விடிற்சுடல் ஆற்றுமோ தீ" என்று வள்ளுவரே கேட்கிறார். தொட்டால் சுடும் நெருப்பை அறிவோம். விலகினால் சுடும் நெருப்பு இது. ஓர் உயிரின்மேல் தன் முழு உலகத்தையும் ஏற்றி வைத்தவர், அந்த உயிர் விலகும்போது உலகமே இடிவதைக் காண்கிறார். இடிகிற சுவரின் கீழ் யார் நிற்கிறார்கள் என்று அப்போது பார்ப்பதில்லை. அவளை நேசிக்காத நாளில் மறுபடியும் எல்லாம் குழப்பமாகிவிடும் என்று ஒத்தெல்லோ முன்பே சொல்லியிருக்கிறான்.

அரிஸ்டாட்டில், பகைவன் பகைவனைக் கொல்வதில் இரக்கம் பிறப்பதில்லை, நெருங்கியவர்களுக்குள் நேரும் கொலையே துன்பியலுக்கு உரியது என்றார். பார்வையாளர் கொன்றவனுக்காகவும் அழ வேண்டும். ஏனென்றால் அழும்போதுதான், நானும் இதைச் செய்யக்கூடியவன் என்ற அச்சம் உள்ளே போகும். அவனைப் பாவி என்று தள்ளிவிட்டால், தள்ளியவர் தன்னைச் சுத்தமாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவார். கடைசிப் பேச்சை வெட்டாதீர்கள்.

எழுதியவர்: அம்பை ஆசிரியர்

குற்றாலச்சாரலின் திருத்தத்தை ஏற்கிறேன். நான் சொன்னதைவிட அது ஆழமானது. தேர்தல், அதாவது ஆராய்தல், என்பது கேள்வி கேட்பதோடு முடிவதில்லை. விடையை உள்ளே விடுவதும் அதில் அடங்கும். நெடுஞ்செழியனுக்கு அது கூடிற்று. கண்ணகியின் சிலம்பை உடைத்து மணியைக் கண்டதும் "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அந்த இடத்திலேயே உயிர் விட்டான். தன்னைப் பற்றி எவ்வாறு எழுத வேண்டும் என்று அவன் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஒத்தெல்லோவின் பேச்சில் எனக்கு நெருடுவது இதுதான் என்று இப்போது புரிகிறது. நெடுஞ்செழியன் தனக்குக் கள்வன் என்று பெயர் வைத்தான். ஒத்தெல்லோ தனக்கு அளவு மீறி நேசித்தவன் என்று பெயர் வைக்கிறான்.

மெடேயாவுக்கு என்னிடம் விடை இல்லை. வள்ளியூர் அம்மாவின் ஆச்சியைப் போல நானும் அங்கே எழுந்து போகத்தான் வேண்டும்.

எழுதியவர்: பாளைமேடை

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு இந்த இழையை அச்சிட்டு எடுத்துப்போய்க் குழுவில் வாசித்தோம். ஒத்திகை நடக்கவில்லை, பதினொரு மணிவரை பேசிக்கொண்டே இருந்தோம்.

கடைசிப் பேச்சை வெட்டப் போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஆனால் மூலத்தை மறுபடி புரட்டியபோது நாங்கள் கவனிக்காமல் விட்ட இரண்டு இடங்கள் கிடைத்தன. முதலாவது எமிலியா. உண்மையைச் சொன்னதற்காகக் கணவனால் குத்துப்பட்ட அவள், "என்னை என் தலைவியின் அருகில் கிடத்துங்கள்" என்று கேட்கிறாள். நேரம் குறைக்க வேண்டும் என்று அந்த வரியை நானே அடித்திருந்தேன். அதைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். இனி அந்தக் கட்டிலில் இரண்டு பெண்கள் கிடப்பார்கள். கயிற்றுக் கட்டில் தாங்காது என்பதால் பலகைக் கட்டில் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறோம்.

இரண்டாவது, நாடகத்தின் கடைசி வரிகளில் லொடோவிக்கோ என்ற பிரபு, இந்தக் காட்சி கண்ணுக்கு நஞ்சு, மறைத்துவிடுங்கள் என்கிறான். படுக்கையைச் சுற்றித் திரையை இழுக்க வேண்டும். எங்கள் மேடையில் அவன் அந்தக் கட்டளையை இடுவான். ஆனால் நிற்கிறவர்களில் எவரும் திரையை இழுக்க மாட்டார்கள். இதைச் சொன்னவர் ஒத்தெல்லோவாக நடிக்கும் நண்பர். வள்ளியூர் அக்கா எழுதிய மணலைப் படித்த பிறகு, முத்தத்தை இதுவரை நடித்ததைப்போல நடிக்கத் தம்மால் முடியாது என்றும் சொன்னார். தலையணையைக் கையில் எடுப்பதற்கு முன்பே, அவள் விழித்துவிடாதபடி அதை மெல்ல உருவுவதற்கு மட்டும் நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறார்.

செவிலியர் தங்கை எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். ஒத்தெல்லோ உள்ளே வரும்போது கொண்டுவரும் விளக்கை, முதலில் விளக்கை அணைப்பேன், பிறகு உயிரை அணைப்பேன் என்று அவன் பேசினாலும், அணைக்காமல் அவருடைய தலைமாட்டில் வைத்துவிட வேண்டும். கடைசிப் பார்வையாளர் எழுந்து போகும்வரை அது எரிய வேண்டும். மின்விளக்கு வேண்டாம் என்கிறார். நாடகம் ஆடி மாதத்தில், திறந்தவெளியில் நடக்கிறது. காற்றுக்கு அகல் விளக்கு நிற்காது. பாளை, திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ளவர்கள் யாரிடமாவது கண்ணாடி உடையாத பழைய அரிக்கேன் விளக்கு இருந்தால் சொல்லுங்கள். வந்து வாங்கிக்கொண்டு, நாடகம் முடிந்த மறுநாளே துடைத்துத் திருப்பித் தந்துவிடுகிறோம்.